ஆரஞ்சு பிளக்

என் அண்ணன் சாம்சனைப் பற்றி யாராவது நல்லவிதமாகச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவன் நல்லவன்தான். அதில்தான் நான் ஏமாந்தேன். கெட்டவனாக இருந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் காலனி. காலனி நடுவில் சின்னதாக ஒரு சர்ச். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். வீட்டில் விளைந்தது, வளர்ந்தது, அதுவும் இல்லாதவர்கள் கடையில் வாங்கியது என்று பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கேக் எல்லாவற்றையும் கொண்டுவந்து படைப்பார்கள். சாமுவேல் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். எடுத்தவர் பெரும்பாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "திரும்பவும் கர்த்தருக்கே" என்று சொல்லி மேஜையிலேயே வைத்துவிடுவார். உடனே கைதட்டல். உடனே அதே பொருளுக்கு மறுபடி ஏலம். ஒரே சேவல் ஒரே நாளில் ஐந்து பேருக்குச் சொந்தமாகி, கடைசிவரை மேஜைக்காலில் கட்டியபடியே கூவிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போகிறவரை யாரும் குறை சொல்வதில்லை. கைதட்டுவதும் இல்லை.

போன வருஷப் பண்டிகைக்கு ஒரு வண்டி வந்தது. எங்கள் காலனியில் பிறந்து மெட்ராஸில் பெரிய வேலையில் இருக்கிற ஒருவர் அதை லாரியில் ஏற்றிக் காணிக்கையாக அனுப்பியிருந்தார். பேட்டரியில் ஓடுகிற பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் தகரத் தொட்டி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு கம்பெனி வளாகத்துக்குள் மூட்டை சுமந்த வண்டி. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். நாலு டயரும் தரையோடு ஒட்டிக்கிடந்தன. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தன் வீட்டுக் கழிசடையைக் கர்த்தர் தலையில் கட்டிவிட்டார் என்று நான் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சோபியா என் தொடையில் கிள்ளினாள்.

சாமுவேல் மாமா தொண்டை வற்றக் கூவினார். கேட்க ஆளில்லை. பூசணிக்காய்க்கு அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. "நான் எடுக்கறேன் மாமா" என்று எழுந்து நின்றேன். கேக்குக்குப் போன விலைகூட அதற்குப் போகவில்லை.

சாமுவேல் மாமா நோட்டில் 'சாம்சன் குடும்பம்' என்று எழுதினார். வீட்டு ஆண்பிள்ளை பெயரைப் போட்டுக் குடும்பம் என்று எழுதுவதுதான் ஏலத்தில் வழக்கம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு சாம்சன்தான்.

"என் பேர எழுதுங்க மாமா. சுகிர்தா."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. குடும்பம்னா உன்னியும் சேத்துத்தானே?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாதாரணமாக நான் எதையும் அப்படி விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன். ஏனென்றால் சாம்சன் எழுந்து நின்று, "என் தங்கச்சி எடுத்த வண்டி" என்று முதல் ஆளாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

நான் ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் ஒரு பேட்டரி தொழிற்சாலையில் ஐந்து வருஷம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவள் நான். செல்லை அளப்பது, அடுக்குவது, செம்புப் பட்டை போட்டு இணைப்பது எல்லாம் எனக்குக் கை வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டு. பெரிய பேட்டரியில் கை வைக்கும் முன் அதன் ஆரஞ்சு நிறப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் முழு பேட்டரியும் துண்டிக்கப்பட்டுவிடும். கழற்றியவர் அதைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. ஒரு நாள் என்னோடு வேலை செய்கிற பெண்ணின் இரண்டு கையும் பேட்டரிக்குள் இருக்கும்போது, நேரமாகிவிட்டது பிளக்கைக் கொடு என்று சூப்பர்வைசர் கேட்டார். தர முடியாது என்றேன். அவர் கத்தினார், நானும் கத்தினேன். அடுத்த மாதம் பட்டியலில் என் பெயர் இல்லை. வேலை போனது. வண்டியை நிறுத்தினால் பிளக்கைக் கழற்றிப் பையில் போடுகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஏலம் முடிந்து நான் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீனா கூப்பிட்டாள்.

மீனா ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் இருப்பவள். எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. எங்கள் ஏரியின் மீன் குத்தகை பாண்டியனிடம் இருக்கிறது. மீனாவும் அவள் குடியிருப்புப் பெண்களும் அவருக்காக வலை இழுக்கிறார்கள். கூலியாக மீனில் ஒரு பங்கு கொடுப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பங்கை விற்க வேண்டுமே. மீன் சட்டியோடு ஏறினால் நாற்றம் என்று கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். கடைசியில் பாண்டியனே வந்து, தான் கொடுத்த பங்கைத் தானே சொன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். எத்தனையோ வருஷமாக இதுதான் நடக்கிறது.

"இது ஓடுமா சுகி?" என்றாள் மீனா.

"ஓட வைக்கலாம்."

"ஓடுனா மீன் ஏத்தலாமா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஓட்ட வேண்டும், அவள் விற்க வேண்டும், வருவதில் பாதிப்பாதி. அந்த மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பேசி முடித்தோம்.

வண்டியை சர்ச்சிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் வரை தள்ளிக்கொண்டு வந்ததில் முக்கால் பலம் சாம்சனுடையது. தார்ப்பாய் கட்டிக் கொட்டகை போட்டதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து துருவைச் சுரண்டினான். எங்கேயோ அலைந்து நாலு பழைய டயர் கொண்டுவந்தான். அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

ஆனால் பேட்டரி என்னுடையதும் மீனாவுடையதும். பெட்டியைத் திறந்த அன்று உள்ளே இருபத்துநாலு செல் வரிசையாக இருந்தது. எலி ஒன்று குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. ஐந்து செல் பூரி மாதிரி உப்பியிருந்தது. மீனா மீட்டரின் இரண்டு முனையையும் வைத்து எண்ணை வாசிப்பாள், நான் மார்க்கரில் அந்தச் செல்லின் மேலேயே எழுதுவேன். நல்ல செல் என்றால் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். முதல் செல்லுக்கு அவள், "பூஜ்யம் புள்ளி நாலு" என்றாள். இரண்டாவது, "பூஜ்யம் புள்ளி ஒன்பது." ஐந்தாவதுக்கு வரும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"செத்துப்போச்சா?"

"எல்லாம் சாகல. மயக்கத்துல கீது. மெதுவா எழுப்பணும்."

அவசரப்பட்டு மொத்தமாகச் சார்ஜ் ஏற்றினால் இருக்கிற உயிரும் போய்விடும். ஒவ்வொரு செல்லாகத் தனியே எடுத்து, சின்ன சார்ஜரில் கொஞ்சமாக ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஏற்றியது நின்றால் பிழைத்தது. இறங்கிவிட்டால் போனது. மீனா வலை இழுத்து முடித்துத் தலை ஈரத்தோடு நேரே வருவாள். கையில் ஈரம் இல்லாமல் துடைத்தாளா என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் எரிச்சலோடு கையை விரித்துக் காட்டுவாள். இப்படி மூன்று மாதம். பதினாறு செல் பிழைத்தது. எட்டு பிழைக்கவில்லை.

அந்த எட்டுக்கு மெட்ராஸ் போய்ப் பழைய செல் வாங்கி வந்தேன். கடைக்காரனை உட்காரவைத்து அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அளந்துதான் எடுத்தேன். அதற்கு மீனா தன் ஆட்டை விற்றாள். அது சினை ஆடு. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "ஆடு ரெண்டு குட்டி போடும், வண்டி எங்க தெருவையே மேய்க்கும்" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் அப்படிச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செம்புப் பட்டையின் நட்டை முறுக்கும்போது ஒரு நாள் ஸ்பானர் நழுவிப் பொறி பறந்து என் இடது புருவம் கருகியது. பிரேக் இரண்டு தடவை சதி செய்தது. எல்லாம் போகட்டும். இந்த ஆடி மாதம் ஒரு காலை, சீட்டுக்கு அடியில் பேட்டரியின் ஆரஞ்சு பிளக்கைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. மிதித்தேன், நகர்ந்தது. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். சத்தமே வராததால் தெரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. பின்னால் தொட்டியில் நின்றுகொண்டு சாம்சன்தான் ஊரெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வந்தான். மீனா என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

பண்டிகை முடிந்து வருகிற திங்கட்கிழமை மீன் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். பெரிய ஐஸ் பெட்டி ஒன்றும் வாங்கியாயிற்று. மீனாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே பாண்டியனிடம் போய், "திங்கக்கெழமைலேர்ந்து எங்க பங்க நாங்களே வித்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். அவர், "நல்லது, நல்லது, பொயச்சிக்குங்க" என்றாராம். அந்த நிதானத்தைப் பார்த்தே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாம்சன் வந்தான்.

"நாளிக்கு வண்டிய சர்ச்சுக்குக் கொண்டாந்து நிறுத்து சுகிர்தா. பாஸ்டர் ஜெபம் பண்ணட்டும். நல்ல காரியம் தொடங்கறோம், ஜெபம் இல்லாம தொடங்கலாமா?"

எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் சபைத் தேர்தல், அதில் அவன் செயலாளர் பதவிக்கு நிற்கிறான் என்பது தெரியும். தங்கச்சி வண்டிக்கு நாலு பேர் முன்னால் ஜெபம் நடந்தால் அவனுக்கும் கொஞ்சம் பெருமை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஞாயிறு காலை நானும் மீனாவும் வண்டியைக் கழுவினோம். சாமந்தி மாலை கட்டினோம். நான் ஓட்டிக்கொண்டுபோய் சர்ச் வாசலில் நிறுத்தி, பழக்கப்படி சீட்டைத் தூக்கிப் பிளக்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மீனா ஜெபத்தைப் பார்க்கக் கேட் ஓரம் நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை.

ஆராதனை முடிந்தது. பாஸ்டர் வெளியே வந்து வண்டிமேல் கை வைத்து ஜெபித்தார். பந்தலில் ஏலம் ஆரம்பித்தது. முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் பாண்டியன் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் சபை இல்லை, ஊர்த் தெரு ஆள். ஆனாலும் வருஷா வருஷம் மரியாதைக்குக் கூப்பிடுவார்கள். வந்தால் பெரிய தொகைக்குக் கேட்பார், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பார், நிறையக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கும் ஒரு வாழைத்தாரை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது சாம்சன் எழுந்து போய் சாமுவேல் மாமாவிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். போன வருஷம் இதே ஏலத்துல கர்த்தர் எங்க குடும்பத்துக்கு ஒரு வண்டி குடுத்தாரு. செத்துக் கெடந்த வண்டி. இன்னிக்கு எப்பிடி நிக்குதுன்னு நீங்களே பாக்கறீங்க. எங்க குடும்பம் கூடி முடிவு பண்ணிகீறோம். இத திரும்பவும் கர்த்தருக்கே குடுக்கறோம்."

கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குக் காது அடைத்துவிட்டது. எந்தக் குடும்பம், எப்போது கூடியது? எழுந்தேன். சோபியா அண்ணி புடவையைப் பிடித்து இழுத்தாள். உதறிக்கொண்டு முன்னால் போனேன். அவன் மைக்கை மாமாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பந்தல் காலோரம் தள்ளிக்கொண்டு போனான். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"பயப்படாத. பாண்டியண்ணன்கிட்ட பேசிட்டேன். அவரு எடுப்பாரு, எடுத்துத் திருப்பிக் குடுப்பாரு. ரெண்டாவது தபா நம்ம பேர்ல சல்லிசா நான் எடுத்துடுவேன். வேற யாரும் கேக்கமாட்டாங்க, எல்லார்கிட்டயும் சொல்லிகீறேன். வண்டி சாயங்காலம் நம்ம வூட்ல நிக்கும்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். பாண்டியனிடம், சாமுவேல் மாமாவிடம், பூசணிக்காய் எடுத்தவரிடம், எல்லோரிடமும். நான் ஒருத்திதான் பாக்கி.

பாண்டியன் கேட்டார். சாமுவேல் மாமா நிறுத்தி நிதானமாக ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லி மேஜையில் தட்டினார். தட்டிவிட்டு மைக்கைப் பாண்டியன் பக்கம் நீட்டினார். 'திரும்பவும் கர்த்தருக்கே' என்று அவர் சொல்ல வேண்டும். முன் வரிசையில் கைகள் தயாராக இருந்தன.

பாண்டியன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மீன் ஏத்தறதுக்கு ஒரு வண்டி வேணும்னு ரொம்ப நாளா தேடிக்கினு இருந்தேன். டீசல் போட்டு மாளல. இது தோதா கீது. நானே எடுத்துக்கறேன்."

யாரும் கைதட்டவில்லை. சாம்சனுடைய சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. பாண்டியன்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தார்கள், எடுத்தார். சேவலைத் திருப்பிக் கொடுக்கிறவன் வண்டியையும் திருப்பிக் கொடுப்பான் என்று நம்பினது எங்கள் அண்ணனுடைய புத்தி. அவர் பாட்டுக்கு நடந்து கேட் ஓரம் போய், அங்கே சிலை மாதிரி நின்றுகொண்டிருந்த மீனாவைப் பார்த்து, "உங்க பங்கயும் இதுலயே ஏத்திக்கலாம்மா" என்றார். கேலியாகக்கூட இல்லை, ரொம்ப அன்பாகச் சொன்னார்.

அவருடைய டிரைவர் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினான். விளக்கு எரியவில்லை, முள் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "செத்துப்போச்சுபா" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது.

சாம்சன் என்னைப் பார்த்தான். பிளக் என் கைப்பையில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் பழக்கத்தைப் பார்க்கிறவன். அவன் முகத்தில் உயிர் வந்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தான்.

"பாண்டியண்ணே, கோச்சிக்காதீங்க. உண்மைய சொல்லிடறேன். பேட்டரி செத்த பேட்டரிதான். என் தங்கச்சி எங்கியோ ஓட்ட செல்லா வாங்கியாந்து அது இதுன்னு ஒட்டி வெச்சிகீறா. பொம்பளப் புள்ள வேல, ஆசைக்கு விட்டுட்டோம். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. வழியில நெருப்பு கிருப்பு புடிச்சா பேஜாராயிடும். நீங்க எடுக்க வேணாம், ஏலத்த ரத்து பண்ணிக்கலாம். நாங்களே தள்ளிக்கினு போயி ஓரமா போட்டுக்கறோம்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பாவம் என்று பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை. சாம்சன் மைக்குக்குப் பின்னால் கண்ணாலேயே கெஞ்சினான். வாயைத் திறக்காதே என்றான்.

ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாண்டியன் வேண்டாம் என்று போய்விடுவார். வண்டி வீட்டுக்கு வரும். திங்கட்கிழமை மீன் ஏறும். எனக்கு ஒரு அவமானம், அவ்வளவுதான். அதை விழுங்கினால் போதும். இது எனக்குத் தெரிந்தது போலவே மீனாவுக்கும் தெரிந்திருந்தது. கேட் ஓரத்திலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து, மெதுவாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம் என்றாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரிடமாவது சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த நேரம் என் காதில் 'ஓட்ட செல்' மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்துநாலு செல். ஒவ்வொன்றையும் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எடுத்து வைத்தேன். என் புருவம் கருகினபோது மருந்து வாங்கி வந்தவனே என் வேலையைக் குப்பை என்கிறான். அதுவும் மைக்கில். அதுவும் தன் வாக்கு தப்பினதை மூடிக்கொள்ள.

"செத்த பேட்டரி இல்ல" என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "என் கை வச்சு அளந்து போட்ட பேட்டரி. ஒரு செல்லுல கொற சொல்லு பாப்போம்."

நடந்து போனேன். டிரைவரை இறங்கச் சொன்னேன். சீட்டைத் தூக்கி, கைப்பையிலிருந்து ஆரஞ்சு பிளக்கை எடுத்துச் செருகிக் கால் சுற்றுத் திருப்பினேன். டக் என்று உட்கார்ந்தது.

"இப்ப திருப்பு."

விளக்கு எரிந்தது. முள் முழுசாக ஏறி நின்றது. டிரைவர் மிதித்ததும் வண்டி சாமந்தி மாலையோடு சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது. கூட்டத்தில் நாலைந்து பேர் 'அடேயப்பா' என்றார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு நிறைவாக இருந்தது. பிறகு வண்டி திருப்பத்தில் மறைந்தது. சாமுவேல் மாமா நோட்டில் பாண்டியன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

சாம்சன் பின்னாலேயே ஓடிவந்தான். அழுதுகொண்டிருந்தான்.

"ஏண்டி தொறந்த? வாய மூடிக்கினு இருந்திருந்தா வண்டி நம்ம வூட்டுக்கு வந்திருக்கும்டி. உனுக்காகத்தானே அப்பிடிச் சொன்னேன்?"

"எனுக்காகவா? எனுக்காக என் மானத்த ஏலம் போட்டியா? நீ எனுக்கு அண்ணனே இல்ல, போ" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், எழுத்தில் வராது. சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தேன். எனக்கு மீனா வேண்டியிருந்தது. அவள் தோளில் தலையை வைத்து ஒரு பாட்டம் அழ வேண்டும். இந்த உலகத்தில் என் வயிற்றெரிச்சல் புரிகிற ஒரே ஆள் அவள்தான்.

மீனா ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பாத்தியா மீனா? என்ன ஒரு வார்த்த கேக்காம தூக்கிக் குடுத்துட்டான் பாத்தியா?"

அவள் என் கைப்பையைப் பார்த்தாள்.

"அவன் உன்னக் கேக்கல. நீ என்னக் கேட்டியா?"

நான் கைப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"வேணாம்னு தலைய ஆட்டினேன். நீ பாத்த. பாத்துட்டுத்தான் போன. உனுக்கு மானம் போச்சுன்னு சொல்லிக்கினு வர்ற. எனுக்கு ஆடு போச்சு. நாளிக்கு எங்க தெரு பொம்பளைங்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? அந்தாளு கால்ல போயி விழணும் நான், மறுபடியும் வலைக்கு சேத்துக்கோன்னு."

சத்தம் போடவில்லை அவள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு வேறென்ன தெரியும்? எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

சாம்சன் தேர்தலில் ஜெயித்துவிட்டான். தினம் ஒரு தடவை என் அறை வாசலில் வந்து நின்று ஏதாவது பேசிப் பார்க்கிறான். திட்டலாம் என்று வாயெடுத்தால், நான் சொல்ல வேண்டிய ஒவ்வொரு வார்த்தையும் ஏற்கெனவே மீனா என்னிடம் சொல்லி முடித்ததாக இருக்கிறது. அதனால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஐஸ் பெட்டி கொட்டகையில் காலியாகக் கிடக்கிறது. அவள் ஆட்டுக்கு நான் ஈடு செய்ய வேண்டும். அதற்கு ஒரு வழி பண்ணுவேன். மற்றதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏலத்துக்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை, ஏரிக்கரைக்குப் போனேன். வண்டி நின்றிருந்தது. மாலையைக் கழற்றாமலே விட்டிருந்தார்கள். மீனா முழங்கால் சேற்றோடு மீன் கூடையைத் தூக்கித் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் பாண்டியனுடைய கூடைகள், கடைசியில் அவர்களுடைய பங்கு. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குக் குனிந்தாள். டிரைவர் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே விளக்கு எரிந்தது. அத்தனை மீன் பாரத்தோடு கரை மேட்டில் ஒரு திணறல் இல்லாமல் ஏறிப் போனது.